பக்கவாதம் வந்தவரை வார்டுலேர்ந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வர்றது எப்படி: ஆக்குபேஷனல் தெரபி பத்தி ஒண்ணுமே தெரியாம நிக்கிறவங்களுக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, தெரபிஸ்ட்டும் இல்ல. அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல ஒரு ஊர்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கறவரோட பையன், அவ்வளவுதான். ஒரு ஐப்பசி மழை நாள்ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எடது கையும் எடது காலும் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில உயிரைக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க, அதுல குறையே சொல்ல மாட்டேன், ஆனா ஒன்பதாம் நாள் மாத்திரை சீட்டைக் கையில குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னப்ப அவரைக் கட்டில்லேர்ந்து எப்படி எறக்கறதுன்னு கூட எங்களுக்குத் தெரியாது. ஆக்குபேஷனல் தெரபின்னு ஒண்ணு இருக்குங்கறதையே அங்க யாரும் சொல்லல. வீட்டுல நாலு நாள் தத்தளிச்சுட்டு வேற ஆஸ்பத்திரியில சேர்த்து ரெண்டு வாரம் இருந்தோம் பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. இதுல நெறைய ஸ்ட்ரோக்கை வச்சுத்தான் சொல்லுவேன், எனக்குத் தெரிஞ்சது அது. இடுப்பு எலும்பு ஒடைஞ்சவங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கு.

இது என்ன தெரபி

ஆக்குபேஷன்னா வேலை, அதனால இது ஏதோ வேலை வாங்கிக் குடுக்கற டிபார்ட்மென்ட்டுன்னுதான் நான் நெனைச்சேன். எங்க மாமா ஒரு படி மேல போயி, "அத்தானுக்கு இனிமே என்னத்துக்கு வேலை, ரெஸ்ட் எடுக்கட்டும் விடுங்க"ன்னுட்டாரு. விஷயம் அது இல்ல. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் ஒரு ஆளு தனக்குத்தானே செஞ்சுக்கற அத்தனையும் அவங்க கணக்குல ஆக்குபேஷன்தான்: பல்லு வெளக்கறது, கக்கூஸ் போறது, குளிக்கறது, கைலி கட்டறது, சாப்புடறது, கோலம் போடறது, பேப்பர் படிக்கறது, கொடிக்காலுக்குப் போறது எல்லாம். நோவு வந்ததால இதுல எதெல்லாம் நின்னுபோச்சோ அதை ஒவ்வொண்ணா திருப்பிக் கொண்டு வர்றதுதான் இவங்க வேலை. பழைய மாதிரியே செய்ய முடிஞ்சா அப்படி, முடியலன்னா செய்யற விதத்தை மாத்தி, அதுவும் முடியலன்னா சாமானையோ வீட்டையோ மாத்தி.

பிசியோதெரபி வேற. பிசியோ பலம், மூட்டு அசைவு, நிக்கறது, நடக்கறதைப் பாப்பாங்க. ரெண்டும் வேணும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு இல்ல. எங்க அப்பாவுக்கு பிசியோ தம்பி வாக்கர் புடிச்சு வராண்டாவுல பத்தடி நடக்க வச்சிட்டாரு, எல்லாரும் கை தட்டினோம். ஆனா அந்தப் பத்தடி நடந்து பாத்ரூம் வரைக்கும் போனவருக்கு உள்ள போயி கைலியை ஒரு கையால தூக்கத் தெரியல. அந்த எடத்துலேர்ந்து ஆக்குபேஷனல் தெரபி ஆரம்பிக்குது.

எங்க கேக்கறது

வார்டுல இருக்கும்போதே கேளுங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு இல்ல. உங்க நியூரோ டாக்டர் இல்லன்னா எலும்பு டாக்டர்கிட்ட "ஓடி ரெஃபரன்ஸ் குடுங்க சார்"னு வாய்விட்டுக் கேளுங்க, ஆக்குபேஷனல் தெரபியைத்தான் சுருக்கி ஓடின்னு (OT) சொல்றது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல பிஎம்ஆர்னு (PMR) சொல்லுவாங்க, உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும், அந்த டிபார்ட்மென்ட் எங்கன்னு விசாரிங்க. டெல்டாவுல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூணு எடத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, அங்க போயி ஓடி இருக்காங்களான்னு நேர்லயே கேட்டுடறது நல்லது. நம்ம பக்கம் வெளிய போர்டு மாட்டியிருக்கற ஓடி சென்டர்ல பாதி பச்சப்புள்ளைங்களுக்கானது, பேச்சு வராத, ஆட்டிசம் இருக்கற குழந்தைங்களுக்கு. பெரியவங்களையும் பாப்பீங்களான்னு போன்ல கேட்டுட்டு ஏறுங்க. பிஓடி (BOT), அதாவது ஆக்குபேஷனல் தெரபி டிகிரி, படிச்சவங்களான்னு கேக்கறதுல வெக்கமே வேண்டாம், எண்ணெய் போட்டு உருவி விடறவங்க எல்லாம் தெரபிஸ்ட்டுன்னு சொல்லிக்கற ஊரு இது.

புறா ரத்தம் பக்கவாதத்துக்கு மருந்துன்னு ஊர்ல சொல்றாங்களே, அதைப் பத்தியும் சொல்லிடறேன். எங்க வீட்டுக்குப் பார்க்க வந்தவங்கள்ல அஞ்சு பேராவது சொன்னாங்க, ஒருத்தரு புறாவையே கூண்டோட கொண்டாந்துட்டாரு. அதை வாசல்ல பறக்க விட்டோம். வராத கையை வெந்நித் துணியால சுடச்சுட ஒத்தடம் குடுக்கறேன்னு தோலைப் பொசுக்கிக்கறவங்களும் இருக்காங்க, அந்தப் பக்கம் பல பேருக்கு சூடு தெரியாது, கொப்புளம் வந்த பெறகுதான் தெரியும்.

மொத நாளு அவங்க கேட்ட கேள்வி

நாங்க பயந்துட்டே ஒக்காந்திருந்தோம், கையைத் தூக்கு காலைத் தூக்குன்னு சொல்லப் போறாங்கன்னு. ரெண்டாவது ஆஸ்பத்திரியில வந்த ஓடி தெரபிஸ்ட் ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எடதுபக்கமா ஒக்காந்துகிட்டு, "அய்யா, நல்லா இருந்தப்ப காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வீங்க?"ன்னு கேட்டுச்சு. அப்பா பேசவே இல்ல. அம்மாதான் சொன்னாங்க, எந்திரிச்சு ஒரு டபரா காப்பி, வெத்தலை, அப்பறம் சைக்கிள்ல கொடிக்கால். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எழுதிக்கிச்சு. கொடிக்கால்ல என்ன செய்வாரு, கிள்ளுவாரா, எண்ணுவாரா, கட்டுவாரா, ஒக்காந்தா நின்னுகிட்டான்னு ஒரு அரை மணி நேரம் கேள்வி. கடைசியில "நாளைக்கு ஒரு ரெண்டு கவுளி வெத்தலை கொண்டு வாங்க"ன்னுச்சு.

அதனால நீங்க செய்ய வேண்டிய மொத வேலை: ஒரு நோட்டு வாங்குங்க. நோயாளியோட பழைய நாளை மணி வாரியா எழுதுங்க. எந்தக் கையால காப்பி குடிப்பாரு, தரையில ஒக்காந்து சாப்புடுவாரா டேபிளா, இண்டியன் கக்கூஸா வெஸ்டர்னா, குளிக்கறது கொல்லையில பம்ப் செட்டா பாத்ரூமா, சாயங்காலம் யாரோட பேசுவாரு. இதையெல்லாம் கேட்ட பெறகு எது அவருக்கு ரொம்ப முக்கியம்னு அவர்கிட்டயே கேளுங்க, நாம முடிவு பண்ணக் கூடாது. நாங்க எல்லாரும் அவருக்கு நடக்கறதுதான் ஆசைன்னு நெனைச்சோம். மூணாம் நாள் அவரா வாயைத் தொறந்து சொன்னது, "பொம்பளைங்க முன்னாடி துணி மாத்தி விடாதீங்கடா". அதுதான் மொத டார்கெட் ஆச்சு.

நோட்டோட அடுத்த பக்கத்துல மார்க். பார்தெல் இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, 1965ல வந்தது, இன்னிக்கும் ஆஸ்பத்திரிங்கள்ல போடறாங்க. சாப்பாடு, குளியல், தலை சீவி ஷேவ் பண்றது, துணி மாத்தறது, மோஷன் கன்ட்ரோல், யூரின் கன்ட்ரோல், கக்கூஸ் போறது, கட்டில்லேர்ந்து சேருக்கு மாறது, நடக்கறது, படி ஏறது, இந்த 10 விஷயத்துக்கும் சேர்த்து 100 மார்க். அப்பா ஆரம்பத்துல 25. மார்க்கு போடறதுல என்ன லாபம்னா, வீட்டுல இருக்கற நமக்கு தெனமும் பாத்துப் பாத்து ஒண்ணுமே மாறலன்னுதான் தோணும், நோட்டைத் திருப்புனாதான் போன மாசம் சட்டைக்கு 0, இந்த மாசம் 5னு தெரியும்.

தூக்காதீங்க

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறேன், ஏன்னா எங்க வீட்டுல எல்லாரும் பண்ணின தப்பு இதுதான். பாசம். அப்பா டம்ளர் பக்கம் கையை நீட்டறதுக்குள்ள அம்மா எடுத்து வாயில வச்சிடுவாங்க. அக்கா வந்தா தலை சீவி விடும், நான் அக்குளுக்கு அடியில கையைக் குடுத்து அலாக்கா தூக்கி ஒக்கார வச்சிடுவேன், அத்தை சோத்தைப் பெசைஞ்சு ஊட்டுவாங்க. ரெண்டே வாரத்துல அப்பா நல்லா இருந்த வலது கையைக்கூட தூக்கறத விட்டுட்டாரு. தெரபிஸ்ட் அதைப் பாத்துட்டு அம்மாகிட்ட சொன்னது: "அம்மா, நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, மனசுக்குள்ள முப்பது வரைக்கும். அதுக்குள்ள அவரா செய்யலன்னா பாதி மட்டும் ஒதவி பண்ணுங்க, முழுசா பண்ணாதீங்க." மூளையில அடிபட்ட எடத்தோட வேலையைப் பக்கத்து எடங்க கத்துக்கணும்னா அந்த வேலையைத் திரும்பத் திரும்ப செஞ்சாதான் நடக்கும், வேற யாரோ செஞ்சு குடுத்தா அது கத்துக்காது. மொத மூணு மாசத்துல மாற்றம் வேகமா வரும்னு சொல்றாங்க, அப்பறம் மெதுவாகும், நின்னுபோயிடாது. அந்த மூணு மாசத்தை நாம ஊட்டி விட்டே கழிச்சிடக் கூடாது.

ஒரு சட்டை போட அப்பாவுக்கு மொத நாள் 22 நிமிஷம் ஆச்சு. பாத்துட்டு நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும், அம்மா கொல்லைப்பக்கம் போயிட்டாங்க.

தூக்காதீங்கன்னு சொன்னது நெஜமாவே தூக்கறதுக்கும்தான். வராத கையைப் புடிச்சு இழுத்தோ அக்குள்ள கை குடுத்தோ எந்திரிக்க வைக்கவே கூடாது, ஸ்ட்ரோக் வந்த பக்கம் தோள்பட்டையைப் புடிச்சு வச்சிருக்கற தசைங்க தளந்துபோயி மூட்டு லேசா எறங்கி இருக்கும், ஒரு இழுப்புல வலி வந்துச்சுன்னா மாசக்கணக்குல விடாது, அந்த வலியால அவரு எந்தப் பயிற்சிக்கும் ஒத்துக்க மாட்டாரு. படுத்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில தலகாணி, ஒக்காந்திருக்கும்போது மடியில தலகாணி வச்சு அதுமேல கை. தொங்க விடக் கூடாது.

கட்டில்லேர்ந்து சேருக்கு

சேரை நல்ல கை இருக்கற பக்கமா, கட்டிலுக்கு ஒட்டி கொஞ்சம் சாய்வா போடுங்க. வீல்சேரா இருந்தா ரெண்டு பக்கமும் பிரேக் போட்டாச்சான்னு தொட்டுப் பாருங்க. அவரு கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வரணும், ரெண்டு பாதமும் தரையில படியணும், பாதம் முட்டியை விட கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கணும். பெறகு முன்னாடி குனியணும், மூக்கு முட்டிக்கு நேரா வர்ற வரைக்கும். இந்தக் குனியறதுதான் சூட்சுமம், நிமிந்தபடியே எந்திரிக்க யாராலயும் முடியாது, நீங்களே செஞ்சு பாருங்க. நல்ல கையால கட்டிலை அழுத்தி எந்திரிச்சு, அந்தக் கையால சேர் கைப்பிடியைப் புடிச்சு, திரும்பி, காலுக்குப் பின்னாடி சேர் தட்டுப்பட்ட பெறகு ஒக்காரணும். நாம வராத பக்கமா நின்னுகிட்டு இடுப்புல ஒரு துண்டை இறுக்கக் கட்டி அதைத்தான் புடிக்கணும். நம்ம முட்டியை மடக்கி நிக்கணும், முதுகை வளைச்சோம்னா அடுத்த பேஷன்ட் நாமதான். எங்க அம்மா பத்து நாள் பெல்ட்டு போட்டுகிட்டு திரிஞ்சாங்க.

இதைப் படிச்சுட்டு நேரா செஞ்சு பாக்காதீங்க, வார்டுல தெரபிஸ்ட் முன்னாடி நீங்க நாலு தடவை செஞ்சு காட்டுங்க. செல்போன்ல வீடியோ எடுத்துக்கலாமான்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க.

துணி, சாப்பாடு

துணிக்கு ஒரே விதிதான்: போடும்போது வராத கை மொதல்ல, கழட்டும்போது நல்ல கை மொதல்ல. காலுக்கும் அதேதான். சட்டையை மடியில விரிச்சு வச்சு வராத கையை மொதல்ல நுழைச்சு முழங்கைக்கு மேல ஏத்திட்டு, அப்பறம் முதுகுப்பக்கமா கொண்டுவந்து நல்ல கை. ஒரு சைஸ் பெரிய சட்டையா இருந்தா சுலபம். பட்டனை மேல வெறும் அழகுக்குத் தச்சுட்டு உள்ள வெல்க்ரோ வச்சுக் குடுத்தாரு எங்க ஊரு டெய்லர். வேட்டியிலயும் வெல்க்ரோ வச்சது கடையிலயே கெடைக்குது. கைலிக்கு இடுப்புல எலாஸ்டிக் ஓட்டிடுங்க, ஒக்காந்தபடியே காலை நுழைச்சு தொடை வரைக்கும் ஏத்திட்டு எதையாவது புடிச்சு நின்னு மேல இழுத்துக்கலாம். பொம்பளைங்களுக்கு முன்பக்கம் தொறக்கற நைட்டி, ஜாக்கெட் கொக்கிக்குப் பதிலா வெல்க்ரோ. பொடவை கட்டியே ஆகணும்னு சொல்ற ஆச்சிங்களுக்கு ஏற்கனவே கொசுவம் தச்சு வச்ச பொடவை.

சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு: விழுங்கறது சரியா இருக்கான்னு ஆஸ்பத்திரியில பாத்து சரின்னு சொன்ன பெறகுதான் வாய்வழியா எதுவும். தண்ணி, ரசம், காப்பி மாதிரி நீர்க்க இருக்கறதுதான் பொரை ஏறும், கெட்டிக் கஞ்சியை விட அதுதான் ஆபத்து, நாம தலைகீழா நெனைச்சுகிட்டிருப்போம். நேரா ஒக்கார வச்சு குடுங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. இருமல் வந்தாலோ கொரல் தண்ணி கொப்பளிக்கற மாதிரி மாறினாலோ நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மத்தபடி சின்னச் சின்ன சமாச்சாரம். தட்டுக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது. விளிம்பு ஒசந்த தட்டா இருந்தா ஒரு கையாலயே சோத்தை விளிம்புல ஒதுக்கி அள்ளலாம். கை இறுக்கிப் புடிக்க வரலன்னா ஸ்பூன் காம்புல பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்துங்க, கடையில ஆயிரக்கணக்குல விக்கற ஸ்பூனும் இதே வேலையைத்தான் செய்யுது.

இலையில பாதி

எங்க அப்பா கதையில எனக்கு எப்பவும் மறக்காதது இது. வார்டுலேர்ந்து ஒரு நாள் லீவு வாங்கிட்டு வந்தப்ப வீட்டுல எலை போட்டு சாப்பாடு. அப்பா சாதம், சாம்பார், வலதுபக்கம் இருந்த கூட்டு எல்லாம் சாப்பிட்டாரு, நுனிப்பக்கம் வச்ச உப்பு, ஊறுகா, பச்சடி, அவருக்கு உயிரான வாழைக்கா வறுவல் எதையும் தொடல. "ஏன் வறுவல் புடிக்கலையா"ன்னு அம்மா கேட்டா, "வறுவல் எங்க வச்ச?"ங்கறாரு. கண்ணு முன்னாடி இருக்கு. அதுக்கு முந்தின நாளுதான் பாதி மொகம் மட்டும் ஷேவ் பண்ணிகிட்டு வந்து நின்னிருந்தாரு, நாங்க சிரிச்சோம்.

கண்ணுல கோளாறு இல்ல. வலதுபக்க மூளையில அடிபட்டா சில பேருக்கு எடதுபக்கம்னு ஒண்ணு இருக்கறதே மனசுல ஏறாது, நெக்லெக்ட்டுன்னு பேரு. ஆளு வேணும்னு பண்றாருன்னு நெனைச்சு சண்டை போடாதீங்க. தெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தது: தட்டோட எடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டுங்க, "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க அய்யா"ன்னு பழக்குங்க. பார்க்க வர்றவங்க எடதுபக்கம் ஒக்காந்து பேசட்டும். ஆனா தண்ணி, காலிங் பெல் மாதிரி அவசரத்துக்கு வேண்டியது மட்டும் வலதுபக்கமே இருக்கட்டும். வீல்சேரோட எடது பிரேக்கை மறந்துடுவாரு, அந்தக் கம்பியிலயும் சிவப்பு டேப்.

அந்த வெத்தலைக்கு இப்ப வர்றேன். மறுநாள் ரெண்டு கவுளி எடுத்துட்டுப் போனேன். கவுளிக்கு 100 எலை. அந்தப் பொண்ணு டேபிள்ல மொத்தத்தையும் கொட்டி, பாதியை எடதுபக்கம் தள்ளி வச்சு, "எண்ணிக் கட்டுங்க அய்யா, எனக்குத் தெரியாது இது"ன்னுச்சு. மூணு வாரமா யாருகிட்டயும் மொகம் குடுக்காத மனுஷன் எலையைத் தொட்டதும் தன்னால அடுக்க ஆரம்பிச்சாரு. வலது கை எலையை எடுக்குது, எடது கை மடியில கெடக்குது. பொண்ணு அந்தக் கையைத் தூக்கி அடுக்குமேல வச்சுது, காத்துல பறக்காம அழுத்திக்கற கல்லு மாதிரி. "இது தொணைக்கை அய்யா, புடிச்சுக்கறது மட்டும்தான் இதுக்கு வேலை". அன்னிக்கு அவரு எண்ணி முடிச்சு 200 இருக்குன்னு சொல்லல, 110னு சொன்னாரு, எடதுபக்கக் குவியல் அவரு கணக்குலயே வரல. தெனமும் அதே வெத்தலை, குவியலைக் கொஞ்சம் கொஞ்சமா எடப்பக்கம் நகர்த்தி. ஒரு வாரம் கழிச்சு சுண்ணாம்பு தடவி மடிக்கறது, எடது கை எலையைப் புடிக்க, வலது கை தடவ. மடிச்சது எல்லாம் வார்டுல இருந்த ஆயாம்மாவுக்குத்தான், அவருக்கு பாக்கு பொகையிலை ரெண்டும் கட். அது ஒரு தனிச் சண்டை.

உங்க அப்பா கொடிக்கால்காரரா இருக்கணும்னு இல்ல. பூ கட்டறவங்களுக்கு நாரும் பூவும், நெசவாளிக்கு நூலு, வாத்தியாருக்கு சாக்பீஸ், டிரைவருக்கு நட்டு போல்ட்டு. தெரபிஸ்ட்கிட்ட நீங்களா எடுத்துச் சொல்லுங்க. பிளாஸ்டிக் கூம்பை அடுக்கச் சொன்னப்ப எங்க அப்பா "நான் என்ன பால்வாடிப் புள்ளையா"ன்னு தள்ளி விட்டுட்டாரு.

இடுப்பு ஒடைஞ்சவங்களுக்கு

எங்க பக்கத்து வீட்டு ஆச்சி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல பந்து மூட்டு மாத்தினாங்க. அவங்களுக்கு விதி வேற: தரையில ஒக்காரக் கூடாது, குந்தக் கூடாது, காலு மேல காலு போடக் கூடாது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கிக் குனியக் கூடாது, தாழ்வான சேர், கயித்துக் கட்டில் ரெண்டும் வேணாம். எத்தனை வாரத்துக்குன்னு ஆபரேஷன் பண்ணின டாக்டர்தான் சொல்லணும், எந்த வழியா மூட்டைத் தொறந்தாங்கங்கறதைப் பொறுத்து அது மாறும். குனியாம பாவாடையை இழுத்துக்க ஒரு சின்ன தொரட்டி, மூங்கில் குச்சியில கொக்கி கட்டினது, அவங்க பேரனே செஞ்சு குடுத்தான். ஆஸ்பத்திரியில இதுக்கு ஏதோ பெரிய பேரு சொன்னாங்க, வேலை ஒண்ணுதான்.

நெஞ்சு சளி, ஹார்ட்டு வீக்குன்னு ரொம்ப நாள் படுத்து எந்திரிச்சவங்களுக்கு பலத்தை சேமிக்கக் கத்துக் குடுப்பாங்க: ஒக்காந்து காய் நறுக்கறது, ஒக்காந்து குளிக்கறது, ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவுல ஓய்வு.

வீட்டை அளக்கறது

டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்னாடியே டேப்பை எடுத்துகிட்டு வீட்டுக்குப் போயிட்டு வாங்க. கட்டில்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் செல்போனை இடுப்பு ஒசரத்துல புடிச்சுகிட்டு நடந்து வீடியோ எடுத்து தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க. எங்க வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு, திண்ணைக்கு மூணு படி, ஒவ்வொரு ரூமுக்கும் நிலைப்படி, நடுவுல முத்தம், கக்கூஸ் கொல்லைக் கடைசியில. அந்தப் பொண்ணு வீடியோவைப் பாத்துட்டு தலையில கை வச்சுகிச்சு.

அளக்க வேண்டியது: எல்லாக் கதவோட அகலம் (பெரியவங்க வீல்சேர் 25, 26 இஞ்ச் வரும், பழைய வீட்டுக் கொல்லைக் கதவுல பல சமயம் நுழையாது), நிலைப்படி ஒசரம், கட்டில் ஒசரம், பாத்ரூம் நீள அகலம். கட்டில் அவரு ஒக்காந்தா பாதம் தரையில படியற மாதிரி, முட்டி ஒசரத்துக்கு, ஏறக்குறைய 18 இஞ்ச். தாழ்வா இருந்தா காலுக்கு அடியில கட்டை குடுங்க, ஆடாத கட்டையா. சரிவுப் பாதை கட்டினா 1 இஞ்ச் ஒசரத்துக்கு 12 இஞ்ச் நீளம்னு கணக்கு, 6 இஞ்ச் படிக்கே 6 அடி வேணும். கொத்தனார் "எதுக்கு சார் இவ்வளவு நீட்டு, ரெண்டடியில முடிச்சிடலாம்"னுவாரு, விடாதீங்க, அந்த ரெண்டடியில வீல்சேர் பின்பக்கமா ஓடி வரும்.

பாத்ரூம்தான் முக்கியமான எடம், செலவு பண்றதா இருந்தா மொதல்ல அங்க பண்ணுங்க. இண்டியன் கக்கூஸ் மேலயே வைக்கற ஓட்டை போட்ட கமோடு சேர் தஞ்சாவூர், கும்பகோணம் சர்ஜிகல் கடைங்கள்ல கெடைக்குது. செவுத்துல பதிச்ச கைப்பிடி வேணும், நல்ல கை பக்கமா. டவல் கம்பியையும் பைப்பையும் நம்பிப் புடிச்சா கையோட வந்துடும். குளிக்கறதுக்கு கைப்பிடி இருக்கற சேர், பக்கெட்டை ஸ்டூல் மேல வச்சுட்டா குனிய வேண்டாம். வெந்நி பதம் நல்ல கையால பாக்கணும், வராத கையால பாக்கக் கூடாது. சோப்பை பழைய சாக்ஸ்ல போட்டு முடிஞ்சு கயித்துல மாட்டிட்டா வழுக்கி ஓடாது. உள்தாப்பாளைக் கழட்டிடுங்க. தரையில ரப்பர் மேட், ஓரம் மடங்காததா. ராத்திரி அவ்வளவு தூரம் கொல்லைக்குப் போக வைக்காதீங்க, கட்டில் பக்கத்துலயே யூரின் கேன், வழி நெடுக ஜீரோ வாட்ஸ் பல்பு. தரையில கெடக்கற பாய், மிதியடி, ஒயரு எல்லாம் எடுத்துடுங்க. மழைக்காலத்துல முத்தத்து ஓரம் பாசி புடிக்கும், ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிடணும்.

படி ஏறும்போது நல்ல கால் மொதல்ல, எறங்கும்போது வராத கால் மொதல்ல.

வீட்டுக்கு வந்த பெறகு

மொத வாரம் எல்லாருக்கும் கோவம் வரும். அப்பா காரணமே இல்லாம அழுதாரு, டிவியில விளம்பரம் பாத்துகூட அழுதாரு. ஸ்ட்ரோக்குக்கு அப்பறம் மனச்சோர்வு நெறைய பேருக்கு வரும், அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, "மனசு விட்டுட்டாரு"ன்னு நாமளே முடிவு கட்ட வேண்டாம். அம்மாவும் ஒரு நாள் "இனி என்னத்த"ன்னு ஒக்காந்துட்டாங்க. செக்கப்புக்குப் போனப்ப அந்தப் பொண்ணு அம்மாவுக்கு டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொல்லுச்சு. வேலூர் சிஎம்சி டாக்டர், 1954ல விபத்துல முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயலில்லாம போச்சு, வீல்சேர்ல ஒக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, 1966ல அங்க மறுவாழ்வு நிலையமே வந்துச்சு. அம்மா கேட்டுட்டு, "அவங்க படிச்சவங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி டபரா டம்ளரை அப்பா முன்னாடி வச்சுட்டு முப்பது எண்ணினதை நான் பாத்தேன்.

அரசாங்கத்துல கெடைக்கறதை விடாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டுல ஆரம்பிச்சது, அதுல பிபி, சுகர் மாத்திரையோட பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வர்றாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சுக்கங்க. கைகால் செயல் கொறைஞ்சு போச்சுன்னா மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எப்ப போகலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல வீல்சேர் மாதிரி உபகரணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அலைய வைப்பாங்க, ஜெராக்ஸ் அஞ்சு செட்டு எடுத்துட்டுப் போங்க.

தெனமும் பயிற்சின்னு தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கறது எங்களால தொடர்ந்து முடியல, உண்மையைச் சொல்றேன். அதுக்கு பதிலா நாளோடயே கலந்துட்டோம். காலையில டபராவுல ஆத்திக்கறது அவரே, பாதி டம்ளர்தான் ஊத்துவோம், சுட்டுக்காத சூட்டுல. பேப்பரைத் திருப்பறதுக்கு எடது கையை மேல வைக்கணும். கொடிக்காலுக்கு இன்னும் போக விடல, அகத்தி வரிசைக்கு நடுவுல எப்பவும் ஈரம், வரப்புல வாக்கர் நிக்காது. அதனால கிள்ளின எலை திண்ணைக்கு வருது, அவரு சேர்ல ஒக்காந்து எண்ணிக் கட்டறாரு, எடதுபக்கம் கூடை. அஞ்சாம் மாசம் பார்தெல் மார்க் 85. குளியலும் படியும்தான் பாக்கி.

போன வாரம் எலை கிள்ள வர்றவரோட ஒரே சத்தம். கவுளியில மூணு எலை கொறையுதுன்னு அப்பா, சரியா இருக்குன்னு அவரு. ஸ்ட்ரோக் வந்த மனுஷன் ஏதோ சொல்றாருன்னு நான்தான் சமாதானம் பண்ணப் போனேன். அம்மா கவுளியைப் பிரிச்சு எண்ணினாங்க. 97.